வாடகை பாக்கி அறையில் மூன்று தோழிகள்: 1933-இன் ஒரு நகைச்சுவைப் படமும் அதன் கட்டுமானமும்

மேடை முழுக்கப் பெரிய பெரிய நாணயங்கள். ஆடும் பெண்களின் உடம்பிலும் துணியைவிட நாணயம்தான் அதிகம். கேமரா ஜிஞ்சர் ரோஜர்ஸின் முகத்தை நோக்கி நகர்ந்துகொண்டே வந்து, கண்ணும் வாயுமே திரையை அடைத்துவிடும் அளவுக்கு நெருங்கி நிற்கிறது. கையில் பணம் புரள்கிறது என்று பாடுகிறார். பாட்டு முடிவதற்குள் ஷெரீஃபின் ஆட்கள் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். தயாரிப்பாளர் கடனைக் கட்டவில்லை. செட், திரைச்சீலை, உடை எல்லாம் ஜப்தி. பெண்கள் மேல் தொங்கும் நாணயங்களைக்கூட விடுவதில்லை. நாம் பார்த்தது ஒத்திகை. அந்த நாடகம் அரங்கேறவே போவதில்லை.

'கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் 1933' இப்படித் தொடங்குகிறது. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, 97 நிமிடம். கதைப் பகுதியை மெர்வின் லெராய் இயக்கினார், நடனக் காட்சிகளை பஸ்பி பெர்க்லி. பாடல்கள் ஹாரி வாரன், ஆல் டூபின். வேலை இழந்த மூன்று பெண்கள் ஒரே அறையில் குடியிருக்கிறார்கள்: கரோல் (ஜோன் பிளாண்டல்), திரிக்ஸி (அலைன் மக்மஹோன்), பாலி (ரூபி கீலர்). நான்காவது ஒருத்தி இருக்கிறாள், ஃபே (ஜிஞ்சர் ரோஜர்ஸ்). இவளும் அதே தொழிலில்தான் இருக்கிறாள், ஆனால் அந்த அறையில் இல்லை. படத்தின் நட்பும் போட்டியும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் வாடகை பாக்கியைப் பகிர்ந்துகொள்பவர்களுக்குள் சண்டை வராது. போட்டி முழுவதும் வெளியே இருப்பவள் தலையில் ஏற்றப்படுகிறது.

இந்த மாதிரி மேடைப் பெண்களைக் குறிக்கும் ஷோகேர்ள் என்ற சொல்லைப் பற்றி முதலில் கொஞ்சம். நம் சினிமாவில் குரூப் டான்ஸர் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அன்றைய நியூயார்க் பிராட்வே மேடையில் அதற்குள்ளேயே தரவரிசை இருந்தது. உயரமாக, கனத்த அலங்கார உடை உடுத்தி நிதானமாக நடந்து வந்து நிற்பவள்தான் சரியான பொருளில் ஷோகேர்ள். குட்டையாக, வேகமாக ஆடும் பெண்களுக்குப் 'போனி' என்று பெயர், அதாவது மட்டக்குதிரை. இருவரும் கோரஸ் என்ற ஒரே குடைக்கு அடியில் வருவார்கள். நாடகம் ஓடினால் வாரச் சம்பளம், நின்றுவிட்டால் ஒன்றும் கிடையாது. 1919 வரை நிலைமை இன்னும் மோசம். வாரக்கணக்கில் ஒத்திகைக்குக் காசு கிடையாது, காலுறையும் ஷூவும்கூடச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 7-இல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கோரஸ் பெண்களும் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் நடிகை மேரி டிரெஸ்லர். செப்டம்பர் 6-இல் தயாரிப்பாளர்கள் இறங்கி வந்தார்கள்.

மூன்றே வாரம் கழித்து, செப்டம்பர் 30-ஆம் தேதி, லைசியம் தியேட்டரில் ஏவரி ஹாப்வுட் எழுதிய 'தி கோல்டு டிக்கர்ஸ்' நாடகம் அரங்கேறியது. தயாரித்தவர் டேவிட் பெலாஸ்கோ, நாயகி இனா கிளேர். 1933 படத்தின் விதை இந்த நாடகம்தான். நடுவில் 1923-இல் மௌனப் படமாகவும், 1929-இல் வண்ணத்தில் பேசும் படமாகவும் வந்துவிட்டது. 1929 படத்தில் இன்று எஞ்சியிருப்பவை சில துண்டுகளே.

பணக்கார ஆணை வளைத்துப் போட்டுக் காசு கறக்கிறவள் என்ற பொருளில் கோல்டு டிக்கர் என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியதில் இந்த நாடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நாடகத்தின் கதை அந்தச் சொல்லுக்கு நேர் எதிர். வயலட் என்ற கோரஸ் பெண்ணைப் பணக்கார வீட்டுப் பையன் காதலிக்கிறான். பையனின் மாமா ஸ்டீபன் லீ தடுக்க வருகிறார். வயலட்டின் தோழி ஜெரி ஒரு வேலை செய்கிறாள்: மாமா முன்னால் வேண்டுமென்றே மட்டமாக நடந்துகொள்கிறாள். 'இந்தப் பேயோடு ஒப்பிட்டால் அந்தப் பெண் எவ்வளவோ தேவலை' என்று அவர் நினைக்க வேண்டும் என்பது கணக்கு. தோழிக்காகத் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்கிறாள். அதைப் பார்க்கும் மாமாவுக்கு அவள் மேலேயே மனம் போய்விடுகிறது.

நல்ல கரு. ஒரு பலவீனமும் உண்டு. ஜெரி இதைத் திட்டமிட்டுச் செய்கிறாள். திட்டம் என்றால் பார்வையாளருக்கு அதை விளக்கியாக வேண்டும், விளக்கும் நேரத்தில் சிரிப்பு தள்ளிப்போகும். 1933-இல் திரைக்கதையை மாற்றியவர்கள் கை வைத்த இடம் இதுதான். திட்டத்தை எடுத்துவிட்டு ஆள்மாறாட்டத்தை வைத்தார்கள்.

பிராட் (டிக் பவல்) எதிர் அறையில் பியானோ வாசிக்கும் பையன். தயாரிப்பாளர் பார்னி (நெட் ஸ்பார்க்ஸ்) புது நாடகம் போடப் பணமில்லாமல் தவிக்கும்போது, 15,000 டாலரை ரொக்கமாகக் கொடுக்கிறான். பொருளாதாரப் பெருமந்தத்தால் நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத 1933-இல் இவ்வளவு பணம் ஒரு பாட்டெழுதும் பையனுக்கு எங்கிருந்து வந்தது? கொள்ளைக்காரனோ என்று பெண்களுக்குச் சந்தேகம். மேடையேறச் சொன்னால் மறுக்கிறான் என்பது சந்தேகத்தைக் கூட்டுகிறது. முதல் நாள் நாயக நடிகருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ள, திரிக்ஸி அவனை விடாமல் நச்சரித்து மேடைக்கு அனுப்புகிறாள். பத்திரிகையில் பெயர் வருகிறது, பாஸ்டன் பெரிய குடும்பம் ஒன்றின் வாரிசு என்பது வெளிப்படுகிறது. அண்ணன் லாரன்ஸ் (வாரன் வில்லியம்) குடும்ப வக்கீல் பீபடியோடு (கய் கிபீ) வந்து இறங்குகிறான். பாலியை விலைக்கு வாங்கி விலக்கிவிடுவது நோக்கம். அறையில் இருப்பவள் கரோல். அவளைப் பாலி என்று எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுகிறான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆள்மாறாட்டக் கதைகள் பெரும்பாலும் ஒரு கேள்வியில்தான் குப்புற விழும்: 'நான் அவள் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையே முடிந்திருக்குமே? இங்கே கரோல் அதைச் சொல்லத்தான் வாயெடுக்கிறாள். அதற்குள் லாரன்ஸ் மேடைப் பெண்கள் எல்லோரையும் சேர்த்து மட்டமாகப் பேசிவிடுகிறான். அந்த அவமானம்தான் அவள் வாயை அடைக்கிறது. அவள் சொல்லும் பொய்க்கு வெளியிலிருந்து காரணம் தேட வேண்டியதில்லை. நீ எங்களை அப்படித்தான் நினைக்கிறாயா, சரி, அப்படியே இருந்து காட்டுகிறேன் என்பதுதான் அவள் நிலை. ஜெரி தோழிக்காகக் கணக்குப் போட்டாள். கரோல் தன் மானத்துக்காகக் கோபப்பட்டாள், அந்தக் கோபம் தோழிக்கும் உதவியது. கணக்கைவிடக் கோபத்துக்கு வேகம் அதிகம். காட்சி உடனே ஓட ஆரம்பிக்கிறது.

அடுத்து நடப்பதுதான் மிக நுட்பமானது. தம்பியைக் காப்பாற்ற, அந்தப் பெண்ணின் மனதைத் தானே கவர்ந்து அவனிடமிருந்து பிரித்துவிடலாம் என்று லாரன்ஸ் இறங்குகிறான். ஆக, அவன் கண்ணுக்கு இது முக்கோணக் காதல்: தம்பி, தான், நடுவில் ஒரு பெண். உண்மையில் முக்கோணம் எதுவும் இல்லை. தம்பி பாலியோடு இருக்கிறான், கரோல் யாருடைய ஆளையும் பறிக்கவில்லை. போட்டி என்ற எண்ணமே ஆண் தலைக்குள் மட்டும் ஓடும் ஒன்று. தோழிகள் இருவரும் ஒரே ஆணை விரும்பினால் வரக்கூடிய எல்லாச் சூடான காட்சிகளும் (பொறாமை, ரகசியச் சந்திப்பு, மாட்டிக்கொள்ளும் பயம்) படத்தில் கிடைத்துவிடுகின்றன, தோழமைக்கு ஒரு கீறலும் விழாமல்.

இதே காலத்தின் வேறு இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் இது எவ்வளவு யோசித்துச் செய்தது என்று புரியும். 1929-இல் வந்த 'தி பிராட்வே மெலடி'யில் ஹாங்க், குவீனி என்று அக்கா தங்கை இருவர். அக்காவுக்கு நிச்சயமான எடி, தங்கையை விரும்பிவிடுகிறான். அக்கா மனம் நோகக் கூடாதென்று தங்கை வேண்டாத ஒரு பணக்காரனோடு சுற்றுகிறாள். தங்கைக்காக அக்கா எடியைத் தானே விரட்டி அனுப்பிவிட்டு, மேக்கப் அறையில் முகத்தில் கிரீமைத் தேய்த்துக்கொண்டே அழுகிறாள், அழுகையின் நடுவே சிரிக்கிறாள். பெஸ்ஸி லவ் நடித்த அந்தக் காட்சி இன்றும் நெஞ்சைப் பிசைகிறது. அவர் பெயர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் பேசும் படம். ஆனால் அந்த நொடிக்குப் பிறகு படத்தால் சிரிக்க முடியவில்லை. உண்மையான போட்டி நுழைந்தால் ஒருத்தி தோற்றாக வேண்டும், தோற்றவளை வைத்துக்கொண்டு நகைச்சுவை நடத்துவது கடினம்.

1932-இன் 'தி கிரீக்ஸ் ஹேட் எ வர்ட் ஃபார் தெம்' மறுமுனை. லோவல் ஷெர்மன் இயக்கியது, ஜோயி ஏகின்ஸ் நாடகத்திலிருந்து எடுத்தது. மூன்று தோழிகளில் ஜீன் என்பவள் மற்றவர்களுக்கு வரும் ஆண்களைத் தட்டிப் பறித்துக்கொண்டே இருக்கிறாள். போலேர் என்ற தோழியின் பியானோ வாசிப்பில் மயங்கும் இசைக்கலைஞனையும் விட்டுவைப்பதில்லை. ஜீனாக நடித்தவர் யார் தெரியுமா? 1919-இல் தோழிக்காகத் தன் பெயரையே கெடுத்துக்கொண்ட ஜெரியாக மேடையேறிய அதே இனா கிளேர். இந்தப் படத்தில் சிரிப்பு குறையாமல் இருக்கக் காரணம், போட்டியில் தோற்கும் பெண்கள் யாரும் ஆணை அவ்வளவு பெரிதாக எண்ணுவதில்லை. பலமும் பலவீனமும் அதுதான்: சண்டை சுவையாக இருக்கிறது, காதல் மனதில் நிற்பதில்லை. இதே ஏகின்ஸ் நாடகத்தை ஒட்டி 1953-இல் 'ஹவ் டு மேரி எ மில்லியனேர்' வந்தது. 1932 படத்தில் பெயர்ப்பட்டியலில்கூட இல்லாத சின்ன வேடத்தில் வந்த பெட்டி கிரேபிள், அதில் மூன்று நாயகிகளில் ஒருவர்.

கரோலின் படத்துக்குத் திரும்புவோம். காலை விடிகிறது, சாப்பிட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலோரம் வைத்த பால் பாட்டிலைத் திரிக்ஸி இடுக்கியை நீட்டிக் கவ்வி இழுக்கிறாள். பார்னி புது நாடகம் போடுகிறார் என்ற தகவலை ஃபே கொண்டு வருகிறாள். யாராவது போய் விசாரிக்க வேண்டும், போகிறவள் பட்டினி கிடப்பவள் போல் தெரியக் கூடாது. கரோல் போகிறாள். மற்றவர்கள் தொலைபேசியருகில் காத்திருக்கிறார்கள். வேலை ஒருத்திக்குக் கிடைத்தால் எல்லோருக்கும் கிடைத்த மாதிரி. பார்னி அறைக்கே வந்து வேடங்களைப் பங்கு போடும் காட்சியில் கரோல், திரிக்ஸி, பாலி ஒருவர் வேடத்தை இன்னொருவர் பறிக்கப் பார்ப்பதில்லை.

பிறகு ஃபே வக்கீல் பீபடியை வளைக்கப் பார்க்கிறாள். திரிக்ஸி அவளை ஈவிரக்கம் இல்லாமல் விரட்டுகிறாள். பீபடி மேல் திரிக்ஸிக்குக் காதலா? அப்படிச் சொல்ல மாட்டேன். அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது, நகைச்சுவை நடிகை, அடுத்த நாடகமும் நின்றுவிட்டால் மறுபடியும் இடுக்கியும் பால் பாட்டிலும்தான். மூவரில் உண்மையிலேயே கோல்டு டிக்கர் என்று சொல்லக்கூடியவள் இவள் ஒருத்தியே. படம் அதை மறைக்கவுமில்லை, அதற்காக அவளைத் தண்டிக்கவுமில்லை. அலைன் மக்மஹோன் அந்த வேடத்துக்குக் கொடுத்த களைத்த கண்கள்தான் இதைச் சாத்தியமாக்கின. வேறு யாராவது குறும்புத்தனமாக நடித்திருந்தால் பீபடி பாவம் என்று தோன்றியிருக்கும். இத்தனை கவனத்தில் கவனிப்பாரற்றுப் போனவள் பாலி. அவள் காதலுக்குத் தடை என்ற ஒன்றே கதையின் பாதிக்கு மேல் வேறு இருவர் தோளில் இருப்பதால், ரூபி கீலருக்கு ஆடுவதைத் தவிரச் செய்ய ஒன்றுமில்லை.

பொய்க்கு விலை கொடுக்க வேண்டிய கட்டம் காசோலையில் வருகிறது. குடித்து மயங்கிய லாரன்ஸைக் கரோலின் படுக்கையில் கிடத்தி, மறுநாள் காலை ஏதோ நடந்துவிட்டது போல் நம்ப வைக்கிறார்கள். அவன் 10,000 டாலருக்குக் காசோலை தருகிறான். இதற்குள் கரோலுக்கு அவன் மேல் மனம் விழுந்துவிட்டது. காசாக்கினால் அவன் சொன்னது எல்லாம் மெய்யாகும். கிழித்துப்போட்டால் அழுகைப் படமாகிவிடும். அவள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறாள். ஒரே செயலில் கோபம், மானம், காதல் மூன்றும் தெரிகின்றன. இந்தப் படத்தில் எழுத்து இதைவிட உயரவில்லை.

நடனக் காட்சிகளுக்கும் இந்தத் தோழமைக்கும் தொடர்பு உண்டு என்பது பலர் கவனிக்காத விஷயம். பெர்க்லி முதல் உலகப் போரில் ராணுவ அணிவகுப்புப் பயிற்சி நடத்தியவர். ஒவ்வொரு பெண்ணின் காலசைவு எவ்வளவு நேர்த்தி என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். கூட்டம் சேர்ந்து என்ன வடிவம் எடுக்கிறது என்பதே முக்கியம். உச்சியிலிருந்து கேமரா பார்க்கும், பெண்கள் பூவாக விரிவார்கள். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிக்கவிட்டு வாயசைக்கும் பிளேபேக் முறை அதற்குள் நிலைபெற்றிருந்ததால்தான் கேமராவை இப்படி இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க முடிந்தது. 'தி பிராட்வே மெலடி'யில் ஒரு நடனத்தை மறுபடி எடுக்க வேண்டி வந்தபோது, ஏற்கெனவே பதிவான இசையையே ஒலிக்கவிட்டுப் படமாக்கினார்கள். நான்கு ஆண்டுகளில் அது தொழிலின் வழக்கமாகிவிட்டது. மேடையில் நடுவிடம் பிடிக்கத்தான் கோரஸ் பெண்களுக்குள் போட்டி நடக்கும். உச்சியிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு நடுவிடம் என்று தனியே ஒன்றும் கிடையாது. ஒருத்தி விலகினால் மொத்தப் பூவும் கெடும்.

'ஷேடோ வால்ட்ஸ்' பாட்டில் அது ஆபத்தாகவும் முடிந்தது. பெண்கள் கையில் வயலின்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் நியான் குழாய். விளக்கை அணைத்ததும் ஒளிக்கோடுகள் மட்டும் நகர்ந்து, எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய வயலினாகக் கூடும். மின்கம்பி உடைக்குள் ஓட, பேட்டரியை அடுக்கடுக்கான பாவாடைக்குள் மறைத்திருந்தார்கள். 1933 மார்ச் 10 மாலை படப்பிடிப்பில் லாங் பீச் நிலநடுக்கம் தாக்கியது. அதன் அளவு 6.4. மின்சாரம் போய் அரங்கம் இருண்டது, சில வயலின்களில் ஷார்ட் சர்க்யூட் ஆனது. பெர்க்லி கேமராத் தூக்கியிலிருந்து விழ இருந்தார். உயரமான மேடையில் பாரமான உடையோடு நின்ற பெண்களைப் பார்த்து, வெளிக்கதவு திறந்து வெளிச்சம் வரும்வரை அசையாமல் அப்படியே உட்காருங்கள் என்று கத்தினார்.

முதல் பாட்டில் ஜிஞ்சர் ரோஜர்ஸ் ஒரு சரணத்தைப் புரியாத மொழியில் பாடுவது பலருக்கும் புதிர். அது பிக் லத்தீன். நம் பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்து 'கநாகன்' என்று பேசும் க-பாஷை மாதிரி. அங்கே சொல்லின் முதல் மெய்யைக் கடைசிக்குத் தள்ளி 'ஏ' சேர்ப்பார்கள்; 'மனி' என்பது 'அனிமே' ஆகும். ஒத்திகையில் விளையாட்டாகப் பாடியது படத்தில் ஏறிவிட்டது. இந்தப் பாட்டு தயாராகிக்கொண்டிருந்த நாட்களில்தான் அமெரிக்காவில் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்தன, மார்ச் 6 முதல் அரசே அறிவித்த விடுமுறை. பார்வையாளர்கள் அந்த நாணயங்களை எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

தணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 'பெட்டிங் இன் தி பார்க்' பாட்டில் மழையில் நனைந்த பெண்கள் திரைக்குப் பின்னால் உடை மாற்றும் நிழல், தகர உடையை டப்பா திறக்கும் கருவியால் திறக்கும் வேடிக்கை எல்லாம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் தணிக்கை வேறு என்பதால் சில காட்சிகளை இரண்டு விதமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1934 ஜூலையிலிருந்து, ஹாலிவுட்டின் சுயதணிக்கை அலுவலகத்தை நடத்திய ஜோசப் பிரீன் தலைமையில் ஒழுக்க விதிகள் இறுகின. பால் திருடி, பொய் சொல்லி, படுக்கையில் ஆளைக் கிடத்தியும் எந்தத் தண்டனையும் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்களுக்கு அதன் பிறகு திரையில் இடமில்லை.

ஜோடிகள் சேர்ந்தாயிற்று. பாலிக்குப் பிராட், கரோலுக்கு லாரன்ஸ், திரிக்ஸிக்குப் பீபடி. ஃபே இந்தக் கணக்கில் இல்லை. வழக்கமான படம் இங்கே ஒரு முத்தத்தோடு முடிந்திருக்கும். இதில் கடைசியாக வருவது 'ரிமெம்பர் மை ஃபர்காட்டன் மேன்'. முதலில் நடுவில் வரவேண்டிய பாட்டு. எடுத்து முடித்துப் பார்த்த வார்னர் நிர்வாகிகள் இதற்குப் பிறகு எதைக் காட்டினாலும் நிற்காது என்று கடைசிக்கு மாற்றினார்கள். 1932 கோடையில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்கள் தங்களுக்குச் சேர வேண்டிய போனஸ் பணத்தைக் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்டார்கள், ஜூலை 28-இல் ராணுவத்தைக் கொண்டே அவர்களை விரட்டினார்கள். அந்தக் காயம் ஆறாத நேரம்.

கரோல் விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறாள். தெருவில் கிடக்கும் ஒருவனுக்குத் தன் சிகரெட்டைக் கொடுக்கிறாள். போலீஸ்காரன் ஒருவன் இன்னொரு ஆளைப் பிடித்துத் தள்ளும்போது, அந்த ஆளின் கோட்டைத் திருப்பி உள்ளே குத்தியிருக்கும் போர்ப் பதக்கத்தைக் காட்டுகிறாள். படம் முழுக்கப் பெண்கள் யாரைச் சுற்றி வந்தார்களோ அந்தப் பணக்கார ஆண்கள் இங்கே இல்லை. மழையில் அணிவகுக்கும் சிப்பாய்கள், ரத்தம் கட்டிய தலைகள், சூப்புக்கு நிற்கும் வரிசை. மேலே ஒரு ஜன்னலில் கருப்பினப் பெண் ஒருத்தி அதே வரிகளைப் பாடுகிறாள். எட்டா மோட்டன். பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1934-இல் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டு, ரூஸ்வெல்ட் முன்னால் அதே பாட்டைப் பாடினார்.